மூன்றாவது வரிசை

ராபர்ட்சன்
10 பிப்ரவரி 1997

அன்புள்ள வெனீஷியா அக்காவுக்கு,

கர்த்தருடைய தயவால் இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் இடுப்புவலி இப்போது எப்படி? சனிக்கிழமை பார்ல் மைதானத்தில் நடந்த அணிவகுப்புப் போட்டியில் உன்னைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டாய். அதனால் நடுவர் தந்த குறிப்புத்தாள் விஷயம் உனக்குத் தெரிந்திருக்காது. உட்கார்ந்துகொண்டு படி.

கிறிஸ்துமஸ் வாத்தியக் குழு ஒவ்வொன்றின் அணிவகுப்புக்கும் நடுவர் கருத்து எழுதித் தர வேண்டும் என்பது விதி. உடை எப்படி, வரிசை எப்படி, திரும்பியது எப்படி, முன்னால் கோல் பிடித்து நடந்தவர் எப்படி என்று தனித்தனியாக. மற்ற குழுக்களுக்கெல்லாம் அந்த ஓய்வுபெற்ற சார்ஜென்ட் வளைத்து வளைத்து எழுதியிருக்கிறார். நம் நேபோ நட்சத்திரக் குழுவின் தாளில், முன்னால் நடந்தவர் என்ற இடத்தில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "பெண் பிள்ளை."

அதற்குமேல் ஓர் எழுத்து இல்லை. நல்லா நடந்தாள் என்றும் இல்லை, மோசமாக நடந்தாள் என்றும் இல்லை. இந்தக் குழுவின் சரித்திரத்திலேயே முதன்முதலாகக் கோல் பிடித்த பெண் என் மகள் லீ-ஆன். ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஆலைக்குப் பின்னாலுள்ள சாலையில் துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு நடந்து பழகினாள். அவள் பெண் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நடுவர் வேண்டுமா, அக்கா?

ஆறாவது இடம்தான் கிடைத்தது. போன வருடம் அங்கிள் ஆபெல் கோல் பிடித்தபோது நான்காவது. கமிட்டிக்காரர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள். மே மாத வருடக் கூட்டத்தில் அடுத்த வருடம் யார் முன்னால் நடப்பது என்று முடிவு செய்வார்கள். கோல் கையை விட்டுப் போனால் இந்தப் பிள்ளை உடைந்துவிடும். நீ பத்திரிகையில் எழுதுகிறவள். அந்த சார்ஜென்ட்டை நாலு வார்த்தை கேள்.

மாமா கிளைவுக்கு எங்கள் விசாரிப்பு. அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் கொடு.

உன் அன்புத் தங்கை,
மெர்ல்

---

ரெட்ரீட், கேப் டவுன்
15 பிப்ரவரி 1997

அன்புள்ள மெர்லுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் சுகத்துக்காக ஆண்டவருக்கு நன்றி. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. பார்மஸியில் நாள் முழுக்க நின்று வலி மாத்திரை விற்கிற எனக்கே வலி போகவில்லை.

அந்தத் தாளைப் பற்றிப் படித்ததும் எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் படையில் எத்தனை வருடம் இருந்தாரோ தெரியாது. விமர்சனம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பதினோரு வருடமாக எங்கள் வாரப் பத்திரிகையில் அணிவகுப்பு பற்றி எழுதுகிறேன். எனக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவேன். குறை என்று ஒன்றைச் சொன்னால் அதை எப்படிச் சரி செய்வது என்பதையும் சொல்வேன். யாருடைய உடம்பைப் பற்றியும் எழுத மாட்டேன். படிக்கிறவன் அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு வந்து, "இதைச் செய்து பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். "பெண் பிள்ளை" என்று எழுதினால் அவள் அடுத்த ஞாயிறு எதைத் திருத்திக்கொள்வாள்?

எழுதுகிறேன். மாத இறுதி இதழில் வரும். சார்ஜென்ட்டையும் விடப் போவதில்லை. லீ-ஆனின் முதுகு நேராக நிற்கிற அழகைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா கைதட்டினார். அதைப் பிள்ளையிடம் சொல். மற்றதை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஐவன் மாப்பிள்ளை குழுவில் வாசிக்கிற பாஞ்சோவுக்குப் புதுத் தந்தி கேட்டிருந்தாரே, அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அக்கா,
வெனீஷியா

---

ராபர்ட்சன்
20 பிப்ரவரி 1997

என் உயிர் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். இங்கே பழ சீசன் உச்சத்தில் இருக்கிறது. ஆலையில் பீச்சுப் பழம் உரித்து உரித்து விரலெல்லாம் வெடித்துவிட்டது. இருந்தாலும் உனக்காக ஏப்ரிகாட் ஜாம் இரண்டு புட்டி செய்து, பார்சலில் போட்டுவிட்டேன்.

நீ எழுதப் போகிறாய் என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அங்கிள் ஆபெலின் மனைவி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஐவன் கடைக்காரரிடம் ஆறு பிரதிகள் சொல்லி வைத்திருக்கிறார். சூடாக எழுது, அக்கா. பூசி மெழுகாதே.

லீ-ஆன் மட்டும் என்னவோ போல இருக்கிறாள். "ஆன்ட்டி மரியாதை மேடைக்கிட்ட நாங்க போனதைப் பார்த்தாங்களான்னு கேளுங்க மம்மி" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். பார்க்காமல் என்ன, அதற்குத்தானே வந்தாள் என்று சொல்லி அனுப்பினேன். சின்னப் பிள்ளைக்குப் பயம்.

மாமாவுக்கு என் அன்பு.

உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற தங்கை,
மெர்ல்

---

ராபர்ட்சன்
3 மார்ச் 1997

திருமதி வெனீஷியா ஜெப்தா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஆறு பிரதிகளும் வந்து சேர்ந்தன. உங்கள் எழுத்தை உங்களுக்கே திருப்பி எழுதுகிறேன், ஒருவேளை மறந்திருந்தால்:

"நேபோ நட்சத்திரக் குழுவை முன்னடத்திய இளம் பெண்ணுக்கு நிமிர்ந்த நடையும் தன்னம்பிக்கையும் இருக்கின்றன. ஆனால் மரியாதை மேடையை நெருங்கும்போது அவர் கோலைத் தாமதமாக உயர்த்தினார். அதனால் குழு முழுவதும் தலையைத் திருப்பியது பிந்திப்போனது. தாடையைச் சற்று அதிகமாகவே உயர்த்தியிருந்ததால் மேடை எங்கே வருகிறது என்பதை அவர் கண்டிருக்க வாய்ப்பில்லை. சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குச் சற்று முன்பே கோலை உயர்த்திப் பழகினால் இது சரியாகும்."

இப்படியே பதினான்கு வரி. எல்லாம் என் மகளைப் பற்றி. கடைசியில் நடுவருக்கு மூன்று வரி. பத்திரிகைக்காரி என்பதை நிரூபித்துவிட்டீர்கள்.

ஐவன் ஐந்து பிரதிகளை அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டார். ஆறாவதை லீ-ஆன் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். கேட்டால் தர மறுக்கிறாள். அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜாம் போன வாரமே வந்திருக்கும். சாப்பிட்டு முடித்த புட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி மெர்ல் ஃபிலாண்டர்

---

ரெட்ரீட்
8 மார்ச் 1997

அன்புள்ள மெர்லுக்கு,

நாங்கள் சுகம். நீ "நலமறிய ஆவல்" என்று எழுதிய தோரணையைப் பார்த்தால் நான் மருத்துவமனையில் கிடந்தாலும் உனக்கு ஆவல் வந்திருக்காது போலிருக்கிறது.

திருமதியாம். என்னைத் தவிட்டுக்கா வாங்கினார்கள்? உனக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டவள் நான். எனக்கும் கோபம் வரும், மெர்ல்.

பொய் ஏதாவது எழுதினேனா? கோல் பிந்தியதா இல்லையா? நீ கூட்டத்தில் கைதட்டிக்கொண்டிருந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லீ-ஆனைக் கேள், அவளுக்கே தெரியும். அதனால்தான் மேடையைப் பார்த்தேனா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். ஏன் கேட்கிறாள் என்று யோசிக்காமல் விட்டது நீ. தங்கை மகள் என்பதற்காகத் தேன் தடவி எழுதியிருந்தால் அந்த சார்ஜென்ட்டுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் பெண் என்று பார்த்து எழுதாமல் விட்டார். நான் உறவு என்று பார்த்து எழுதாமல் விட வேண்டுமா? அவளுக்கும் ஆண் பிள்ளைக்குச் சொல்வதைப் போலவே திருத்தம் சொன்னேன். அதுதான் மரியாதை.

ஜாம் நன்றாக இருந்தது. புட்டிகளைக் கழுவி வைத்திருக்கிறேன்.

உன் அக்காவேதான்,
வெனீஷியா

---

ரெட்ரீட்
2 ஏப்ரல் 1997

அன்புள்ள மெர்லுக்கு,

சுகமா? பெரிய வெள்ளிக்கு நீ வழக்கமாகத் தருகிற ஊறவைத்த மீன் இந்த வருடம் வரவில்லை. கிளைவ் வாய்விட்டுக் கேட்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதம் என்று எனக்கே சப்பைக்கட்டு கட்டிக்கொள்கிறேன். பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பாஞ்சோ தந்தி வந்து சேர்ந்ததா?

அக்கா

---

ராபர்ட்சன்
16 ஜூன் 1997

அக்காவுக்கு,

சுகம். இன்று விடுமுறை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். குளிர்காலம், மலையெல்லாம் பனி. வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ செய்த காரியம் எங்கே போய் முடிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மே மாதக் கூட்டம் நடந்தது. பெண்களைக் கூட்டத்துக்குள் விட மாட்டார்கள். ஆனால் டீ ஊற்ற விடுவார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டு நின்றேன். குழுவின் செயலாளர் உன் கட்டுரையை எடுத்து வாசித்தார். முழுவதும் இல்லை. "நிமிர்ந்த நடை" என்பதை விட்டுவிட்டார், சுண்ணாம்புக் கோட்டையும் விட்டுவிட்டார். தாமதம், பிந்தியது, தாடை. அவ்வளவுதான். வாசித்து முடித்துவிட்டு, "நாங்க சொல்லல, அவளோட சொந்த ஆன்ட்டியே சொல்றாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். கோல் திரும்ப அங்கிள் ஆபெலுக்கே போய்விட்டது. அவருக்கு முழங்கால் மடங்காது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்கா, நான் இத்தனை நாளாக யோசித்துப் பார்த்தேன். கோல் பிந்தியது உண்மைதான். லீ-ஆனும் என்னிடம் ஒத்துக்கொண்டாள். அதில் எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அறுபது பேர் நடந்து போனார்கள். பதினான்கு வரியும் அவள் ஒருத்தி மேல். அவளை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாயே, அப்போது மூன்றாவது வரிசையை யார் பார்த்தது? அந்த வரிசை வாழைப்பழம் போல வளைந்து போனது. நானே பார்த்தேன், எனக்கே தெரிந்தது. இரண்டாவது வரிசையில் ஒருத்தர் பழுப்புக் காலுறை போட்டிருந்தார். அதற்கு ஒரு வரி உண்டா? மைதானம் முழுக்க எல்லாக் கண்ணும் அவள் மேல். உன் கண்ணும் அந்தக் கூட்டத்தோடுதான் போயிருக்கிறது. நீ எழுதியது ஒவ்வொன்றும் நிஜம், ஆனாலும் அது ஓரவஞ்சனை.

இதற்கு மேல் எழுதினால் வாயில் வேறு வார்த்தை வரும்.

மெர்ல்

---

ரெட்ரீட்
30 ஜூன் 1997

என் அன்பு மெர்லுக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். எனக்கு இடுப்பைவிட நெஞ்சு வலிக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அன்று மைதானத்தில் கிறுக்கிய தாள்களைத் தேடி எடுத்தேன். மற்ற குழுக்களுக்கு வரிசை வரிசையாகக் குறித்திருக்கிறேன். நேபோவுக்கு மட்டும் ஒரே ஒரு பெயர்: லீ-ஆன், லீ-ஆன், லீ-ஆன். மூன்றாவது வரிசை என்ற ஒன்று இருந்ததாகவே தாளில் இல்லை. கோபித்துக்கொள்ள வழியில்லாமல் உன்மேல் கோபமாக இருக்கிறது.

ஆனால் அந்தச் செயலாளர்! நான் எழுதியதில் மருந்தை எடுத்துவிட்டு நோயை மட்டும் வாசித்திருக்கிறார். நான் என் பெயரைப் போட்டு எழுதியதை அவர் எப்படிக் கத்தரிக்கலாம்? கமிட்டிக்கு உடனே எழுதினேன். "குழுவின் உள் விவகாரம், தங்கள் அக்கறைக்கு நன்றி" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆசிரியரிடம் போய், அதே அணிவகுப்பைப் பற்றி முழுமையாக மறுபடி எழுதுகிறேன் என்றேன். "ஜூன் மாசத்துல கிறிஸ்துமஸ் பேண்ட் பத்தி யாரும்மா படிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு ரக்பிப் பக்கத்தைத் திருத்தப் போய்விட்டார்.

கை தூக்கினார்கள் என்று எழுதினாய். யார் யார் என்று எழுதவில்லை.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் ஐவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? அவர் சுகம்தானே?

உன் அக்கா,
வெனீஷியா

---

ராபர்ட்சன்
19 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். ஆலையில் இரவு வேலை, அது இது என்று காரணம் சொல்லலாம். அதெல்லாம் இல்லை. எழுத மனசு வரவில்லை.

நீ கேட்டதை இப்போது விடு, லீ-ஆனைப் பற்றிச் சொல்கிறேன். பயிற்சி மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் மைதானத்துக்குப் போகிறாள். உள்ளே போவதில்லை, மதில்மேல் உட்கார்ந்து பார்க்கிறாள். எல்லாரும் போய் வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருகிறாள். என்னிடமும் பேச்சில்லை, அவள் டாடியிடமும் பேச்சில்லை. அங்கிள் ஆபெல் ஒரு நாள், "கீழ வா பொண்ணே, பேனர் பிடிக்க ஆள் வேணும்" என்றாராம். இவள் அசையவே இல்லையாம்.

எனக்கு வயிறு எரிகிறது, அக்கா. அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இருபது வருடமாகக் கிறிஸ்துமஸ் அன்று குழு நம் வீட்டுக்கு வருகிறது. முற்றத்தில் பாட்டு வாசித்து, வீட்டுக்காரரின் வார்த்தையைக் கேட்டு, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. இந்த வருடம் நான் மேசை போடப் போவதில்லை. கேட்டைப் பூட்டிவிடுவேன். என் பிள்ளையை வேண்டாம் என்றவர்களுக்கு என் இஞ்சி பீர் எதற்கு? அறுபது பேரும் பூட்டிய கேட்டுக்கு முன்னால் தொப்பியோடு நிற்கட்டும், தெருவே பார்க்கட்டும்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தங்கை,
மெர்ல்

---

ரெட்ரீட்
1 டிசம்பர் 1997

அன்புள்ள மெர்லுக்கு,

நாங்கள் சுகம். கிளைவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கே வர முடியாது, அவரை விட்டுவிட்டு நகர வழியில்லை.

ஐவனைப் பற்றிக் கேட்டேன், நீ மறுபடியும் எழுதவில்லை. சரி. நான் மறுபடி கேட்கவில்லை.

கேட்டைப் பூட்டாதே, மெர்ல். உன் கோபம் தப்பென்று சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் பூட்டுக்கு மேல் பூட்டு போட்டிருப்பேன். ஆனால் பூட்டிய கேட்டைப் பார்த்தால் அவர்கள், "பாத்தியா, பொம்பளைங்களைச் சேர்த்தா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக விடுதலை தர வேண்டுமா?

வருகிற பிப்ரவரிப் போட்டிக்குப் போகிறேன். இந்தத் தடவை எல்லா வரிசையும்.

உங்கள் மூவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அக்கா,
வெனீஷியா

---

ராபர்ட்சன்
28 டிசம்பர் 1997

என் உயிர் அக்கா வெனீஷியாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மூவரும் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? மாமாவின் கண் எப்படி? பத்திரிகை படிக்க முடிகிறதா?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மேசை போட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் லீ-ஆன் என் பக்கத்தில் வந்து நின்று, "மேசை போடுங்க மம்மி. ஆனா வீட்டு வார்த்தையை நான் சொல்றேன்" என்றாள். ஏழு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். எதற்கு என்று கேட்காமல் கோழியை அடுப்பில் ஏற்றினேன்.

மத்தியான வெயிலில் வந்தார்கள். அங்கிள் ஆபெல் கோலோடு முன்னால், ஒரு காலை இழுத்துக்கொண்டு. லீ-ஆன் கேட்டருகே நின்று தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு உடை, சர்ச் செருப்பு. முற்றத்தில் வந்து நின்று பாட்டு வாசித்தார்கள். அழகாகத்தான் வாசித்தார்கள், பொய் சொல்லக் கூடாது. பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள், வீட்டு வார்த்தைக்காக. உனக்குத் தெரியுமே, அந்த நேரத்தில் வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் பேசினாலும் குழு அசையக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. ஐவன் சீருடையில் அவர்களோடு நிற்பதால் வார்த்தை எப்போதும் என்னுடையதுதான். நான் லீ-ஆனைக் கைகாட்டினேன்.

அவள் படியில் ஏறி நின்றாள். கையில் காகிதம்கூட இல்லை.

"எங்க வீட்டுக்கு வந்ததுக்கு நன்றி. தெருமுனையிலிருந்து கேட்டு வரைக்கும் நீங்க நடந்து வந்ததை நான் பார்த்தேன். அதைப் பத்தி என் கருத்தைச் சொல்றேன்."

யாரோ இருமினார்கள். செயலாளர் தலையைத் தூக்கினார், அங்கிள் ஆபெல் அவரை ஒரு பார்வை பார்த்தார், தலை மறுபடி குனிந்தது.

முதலில் பாராட்டினாள். தொப்பிகள் எல்லாம் ஒரே கோணம், சாக்ஸபோன்காரர்கள் வளைவில் திரும்பும்போது ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் திரும்பியது போன வருடத்தைவிட மேல். பிறகு முதல் வரிசை, பிறகு இரண்டாவது. பழுப்புக் காலுறைக்காரர் இன்னமும் அதே காலுறை, "கறுப்பு வாங்கினா நல்லது அங்கிள், கடையில கிடைக்குது" என்றாள். முன்னால் நடப்பவர் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறார், அதனால் பின்னால் இருப்பவர்கள் முட்டிக்கொள்கிறார்கள், அவர் மேல் தப்பில்லை, ஆனால் வேறு ஏற்பாடு யோசிக்கலாம் என்றாள். தன்னையும் விடவில்லை. "பார்ல்ல நான் கோலை லேட்டா தூக்கினேன். சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழகிட்டேன். இப்ப சரியா வருது." குழு கலைந்த பிறகு, மைதானத்தில் தனியாகப் பழகியிருக்கிறாள், அக்கா. எனக்கே அன்றுதான் தெரியும்.

பிறகு மூன்றாவது வரிசைக்கு வந்தாள். அக்கா, இப்போது நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மே மாதக் கூட்டத்தில் செயலாளர் கை தூக்கச் சொன்னபோது ஐவன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எல்லாக் கையும் மேலே இருந்தது. தன் கையையும் தூக்கினார். நான் டீ கெட்டிலோடு அவர் பின்னால் நின்றேன். அதை எப்படி உனக்கு எழுதுவது?

லீ-ஆன் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னது இதுதான்:

"மூணாவது வரிசை வளைஞ்சு வருது. காரணம், இடது ஓரத்துல பாஞ்சோ வாசிக்கிறவர். அவருக்கு நடை நல்லா வரும். ஆனா பக்கத்துல இருக்கிறவங்க எப்படிப் போறாங்கன்னு பார்த்துப் பார்த்து நடக்கிறார். அவர் நேரா முன்னாடி பார்த்தா போதும். வரிசை தானா நேராயிடும்."

என் கணவருக்கு முகம் சிவந்துபோய், கண்ணில் தண்ணீர். துடைக்கவும் முடியாது, ஒரு கையில் பாஞ்சோ, ஒரு கையில் தொப்பி.

"இதுதான் எங்க வீட்டு வார்த்தை. எல்லாரும் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிக் கோழியைப் பரிமாறப் போய்விட்டாள்.

அங்கிள் ஆபெல் வழக்கம்போல் குழுவின் சார்பில் நன்றி சொல்ல வேண்டும். "இந்த வீட்டுக்கு நன்றி. நாப்பது வருஷமா இந்தக் குழுவில இருக்கேன், யாரும் எனக்கு இவ்வளவு ஒழுங்காச் சொன்னதில்ல" என்றார். சாப்பிடும்போது தட்டுச் சத்தம்தான். கடைசியில் இனிப்புக்கு வைத்த ட்ரைஃபிளைச் செயலாளர் வேண்டாம் என்றுவிட்டார். நான் வற்புறுத்தவில்லை.

சாப்பிட்டு முடித்துத் தெருவில் போய் வரிசை கட்டினார்கள். கட்டிய பிறகும் நகரவில்லை. அங்கிள் ஆபெல் முன்னால் போய் நிற்காமல் கேட்டுக்குத் திரும்பி வந்தார். வெள்ளிக் குமிழ் வைத்த கோலை லீ-ஆனிடம் நீட்டினார்.

"கமிட்டி?" என்று செயலாளர் வரிசையிலிருந்து கேட்டார்.

"கமிட்டி என் முழங்காலை வாங்கிக்கிட்டு வந்து இதைப் பிடிக்கட்டும்" என்றார் அங்கிள் ஆபெல், திரும்பிப் பார்க்காமலே.

தெருவே வேலியோரம் நின்று பார்த்தது. நான் எதிர்வீட்டுக்காரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை ஓடிப் போய் வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அவரைத் தாண்டிக் குழுவைப் பார்த்தாள்.

"மூணாவது வரிசையை முதல்ல நேராக்குங்க அங்கிள். அப்புறம் வர்றேன்."

அறுபது பேரும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐவன் யாரையும் பார்க்கவில்லை. ஒரு அடி எடுத்து வைத்து, தாடையை இறக்கி, நேரே முன்னால் பார்த்து நின்றார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பார்த்து நகர்ந்தார்கள், வரிசை நேரானது. அப்போதுதான் அவள் கேட்டைத் திறந்தாள். சர்ச் செருப்போடு, வீட்டு உடையோடு, கோலை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். அடுத்த வீடு பாஸ்டர் வீடு. அவர் மரியாதை மேடையில் நிற்பதைப் போல வாசலில் நின்றிருந்தார். கோல் சரியான இடத்தில் உயர்ந்தது, அக்கா. நான் பார்த்தேன். இந்தத் தடவை கைதட்டவில்லை, பார்த்தேன்.

நீ வந்திருந்தால் எழுத ஒரு குறையும் கிடைத்திருக்காது. இருந்தாலும் தேடியிருப்பாய். பிப்ரவரியில் வந்து நன்றாகத் தேடு.

ஜாம் புட்டிகளைத் திருப்பி அனுப்பு, இந்த வருடம் பழம் நிறைய வந்திருக்கிறது.

உன் அன்புத் தங்கை,
மெர்ல்